படகு விற்ற கதை

மே மாதம் பிறந்தால், புளஃபர்ஸ் பார்க்கில் காலையில் நடக்க வரும் நண்பர்கள் இப்போதும் என்னைப் பார்த்து, "என்ன அண்ணை, படகு இறக்கியாச்சோ?" என்று கேட்பார்கள். "வித்துப்போட்டன்" என்றால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எவ்வளவுக்கு?" நான் தொகையைச் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டு, "குறைச்சுப் போட்டியள்" என்பார்கள். அத்தோடு கதை முடிந்துவிடும். ஏன் குறைத்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை. இன்றைக்கு அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அப்பா வத்தை ஓட்டியவர். பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, மன்னார் என்று காற்றைப் பார்த்துச் சாமான் ஏற்றி இறக்கிய மனிதர். நான் கடலுக்குப் போகவில்லை. அவர் விடவும் இல்லை. படித்து, இயந்திர வேலை பழகி, 1986இல் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தேன். முதல் பத்து வருடமும் ஒன்ராறியோ ஏரி எங்கே இருக்கிறது என்று பார்க்கவே நேரம் கிடைக்கவில்லை. இரண்டு வேலை, மூன்று பிள்ளைகள், வீட்டுக் கடன்.

பிறகு ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புளஃப்ஸுக்குக் கீழே போனேன். வெள்ளைப் பாய்கள் ஏரியில் நின்றன. மேற்கிலிருந்து நல்ல காற்று. மூக்கில் உப்பு மணம் இல்லை என்பதைத் தவிர, மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்த காட்சி. 1999இல் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கினேன். 25,000 டொலர். வீட்டில் என்ன நடந்தது என்று எழுதினால் மனைவி வாசிப்பா, ஆகையால் விடுகிறேன்.

படகு சி அன்ட் சி கொம்பனியின் 30 அடிப் படகு, 1979இல் கட்டியது. இந்தக் கொம்பனி நம்முடைய ஒன்ராறியோக் கொம்பனிதான். 1969இல் சில படகுப் பட்டறைகளும் ஒரு வடிவமைப்பு அலுவலகமும் ஒன்று சேர்ந்து உருவானது. நயாகரா ஒன் த லேக்கில் இருந்த அவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து எத்தனையோ படகுகள் இந்த ஏரிக்கு இறங்கின. ஃபைபர்கிளாஸ் உடல், நான்கைந்து பேர் படுக்கலாம், சின்ன அடுப்பு, கழிப்பறை, ஒரு டீசல் எஞ்சின். எடை மூன்றரைத் தொன்னுக்குக் கொஞ்சம் மேல். அதில் ஏறக்குறைய ஒன்றரைத் தொன், அடியில் இறங்கி நிற்கும் ஈயக் கட்டை. காற்று சாய்க்கும்போது படகைக் கவிழாமல் நிமிர்த்துவது அதுதான். ஆங்கிலத்தில் கீல். ஊரில் ஏரா என்போம். ஆனால் நம்முடைய மரக்கலங்களின் ஏரா உடலோடு பிறந்தது, இது பெரிய போல்ற்றுகளால் உடலில் பூட்டியது. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். கதை அங்கேதான் வரப்போகிறது.

படகுக்கு நான் வைத்த பெயர் "கச்சான்". கோடையில் இந்த ஏரியில் மேல்காற்றுத்தான் அதிகம். ஊரில் அந்தக் காற்றுக்கு அதுதானே பெயர். மனைவி, "உங்களுக்குக் காத்து, எனக்குக் கோயில் வாசலிலை சுருளிலை வாங்கிற கச்சான்தான் ஞாபகம் வருது" என்று சிரித்தா. பிள்ளைகளும் அந்தப் பக்கம்தான். பிறகு நாங்கள் படகுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை வறுத்த கச்சானும் கூடவே வரும்.

இருபத்துநான்கு கோடைகாலம் அந்தப் படகு எங்களிடம் இருந்தது. மே தொடக்கத்தில் கிறேன் பிடித்து இறக்குவது, ஒக்ரோபர் கடைசியில் தூக்கித் தொட்டிலில் வைப்பது. ஏரியைக் குறுக்கே வெட்டி நயாகரா ஒன் த லேக்குக்குப் போனால் இருபத்தைந்து கடல் மைல் சொச்சம். நல்ல காற்றென்றால் ஐந்து மணித்தியாலம். கிழக்கே கிங்ஸ்ரன் வரைக்கும் இரண்டு தடவை போனோம். மகள் சுக்கான் பிடிக்கப் பழகியது அதில். மகன்மார் சண்டை பிடித்தது அதில். பேரப்பிள்ளை முதல் முதல் மீன் பிடித்ததும் அதில்தான்.

2022 ஓகஸ்ட்டில் ஒரு நாள் தனியாகப் போனேன். எனக்கு எழுபத்துநான்கு வயது. காற்றுக் கூடியது. முன்பாயைச் சுருட்டும் கயிறு சிக்கிக்கொண்டது. அதை எடுக்க அணியத்துக்குப் போனேன். எத்தனையோ நூறு தடவை போன இடம். கால் வழுக்கியது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பி கையில் அகப்பட்டதால் விழவில்லை. ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலை உள்ளே இழுத்து வைக்க எனக்கு மூன்று தடவை தேவைப்பட்டது. அந்த மூன்று தடவையையும் நான் எண்ணினேன். அதுதான் எனக்குப் பயம் தந்தது. முன்பெல்லாம் எண்ண நேரமே இருந்திருக்காது.

வீட்டில் சொல்லவில்லை. துடையில் வந்த கண்டலை மனைவி கண்டா. "கதவிலை இடிச்சது" என்றேன். "எந்தக் கதவு?" என்று கேட்டா. அந்தக் குளிர்காலம் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி மேற்கொண்டு கதைக்கவில்லை. ஜனவரியில் மகளிடம் நானே சொன்னேன்: "வசந்தத்துக்குப் படகைக் குடுக்கப் போறன்." மகள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களாச் சொன்னது நல்லது அப்பா. எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது" என்றாள்.

இனி விற்கும் கதை. பழைய படகு விற்க நினைப்பவர்கள் நம்மவரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனாலும் வீடும் காரும் விற்க எல்லோருக்கும் ஒரு நாள் வரும். சில விஷயம் பொருந்தும்.

முதலாவது கணக்கு. வாங்கியது 25,000. பிறகு புதுப் பாய், பாய்மரக் கம்பிகள், பற்றரி, மெத்தை உறை என்று போட்டது இன்னொரு அவ்வளவு. வருடாவருடம் கழகக் கட்டணம், காப்புறுதி, அடியில் பூசும் பெயின்ற் என்று நாலாயிரம். மருமகன் எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகை சொன்னார். நான் சிரித்தேன். நீங்கள் போட்ட காசுக்கும் வாங்குகிறவன் தரும் காசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதே வகைப் படகு அந்த வருடம் என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் விலை. கோவிட் காலத்தில் சனம் வீட்டுக்குள் இருக்க முடியாமல் பழைய படகுகளை அடிபட்டு வாங்கியது. அப்போது விற்றிருந்தால் நல்ல காசு. 2023இல் அந்தச் சூடு ஆறிவிட்டது. நல்ல தண்ணீரில் மட்டும் ஓடிய, உப்பே தெரியாத படகு என்பது ஒன்றுதான் என் கையில் இருந்த துருப்பு. 16,500 கேட்பது என்று முடிவு செய்தேன். புறோக்கரிடம் கொடுத்தால் பத்து வீதம் எடுப்பார். நானே விற்பது என்று தீர்மானித்தேன்.

இரண்டாவது, காலி செய்வது. வாங்க வருகிறவனுக்கு உங்கள் ஞாபகங்கள் தேவையில்லை. அலுமாரி எவ்வளவு பெரிது என்பதுதான் தேவை. மார்ச் கடைசியில், படகு தொட்டிலில் இருக்கும்போதே, ஏணி வைத்து ஏறி மூன்று நாள் சாமான் இறக்கினோம். மூடி இறுகிப்போன எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல். ஒரு தெர்மோஸ். பிள்ளைகளின் சின்ன லைஃப் ஜக்கெற் மூன்று. இவ்வளவு சின்னதாகவா இருந்தார்கள் என்று மனைவி ஒன்றைத் தன் நெஞ்சோடு வைத்துப் பார்த்தா. மெத்தைக்கு அடியிலெல்லாம் கச்சான் கோது.

மூன்றாவது, குறைகளை எழுதுவது. விளம்பரத்தில் எல்லோரும் படகின் சிறப்பைத்தான் எழுதுவார்கள். நான் ஒரு தாளில் குறைகளை எழுதினேன். பெரும்பாய்க்குப் பதினைந்து வயது. ஜிபிஎஸ் பழையது. மேல்தளத்தில், கைப்பிடிக் கம்பி நிற்கும் ஓரிடத்தில் தண்ணீர் ஊறியிருக்கிறது. (இந்தப் படகுகளின் மேல்தளத்துக்குள் இலேசான பல்சா மரம் இருக்கும். ஆணி ஓட்டையால் தண்ணீர் போனால் அது ஊறி இளகிவிடும்.) கழிப்பறைப் பம்ப் சில நேரம் முரண்டு பிடிக்கும். இப்படி பதினான்கு குறை. வருகிற எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

பதினைந்தாவது ஒன்று இருந்தது. அதை எழுதவில்லை.

2012 ஜூலையில் கிங்ஸ்ரன் பக்கம் போனபோது பாறையில் அடித்தோம். ஆழம் காட்டும் கருவி இருபது அடி என்றது, கண் சிமிட்டி முடியமுன் ஆறு என்றது, அடுத்தது இடிதான். ஐந்து நொட் வேகத்தில் போன படகு நின்ற இடத்தில் நின்றது. கீழே அடுப்பிலிருந்த தேத்தண்ணீர்க் கேத்தில் பறந்து முன்னறைக்குள் போய் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. தண்ணீரும் வரவில்லை. ஆறுதலாக ஓட்டிக்கொண்டு வீடு வந்தோம். இலையுதிர் காலத்தில் தூக்கியபோது பார்த்தேன். ஈயக் கட்டையின் முனையில் ஒரு நசுங்கல். கட்டையும் உடலும் சேரும் இடத்தில், முன்பக்கமாக, ஒரு வெடிப்பு. இந்த வகைப் படகுகளில் அப்படி ஒரு வெடிப்பு சாதாரணமாகவே வருவதுண்டு. வளைந்து சிரிப்பதுபோல இருப்பதால் படகுக்காரர் அதைச் "சிரிப்பு" என்பார்கள். பெரும்பாலும் மேல்பூச்சு வெடிப்பதுதான், பயமில்லை. ஆனால் என்னுடையது பாறை தந்த சிரிப்பு. உள்ளே நிலத்துக்கு அடியில், கீல் போல்ற்றுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒன்றிலும் கீறல் இருந்தது.

நான் இயந்திர வேலைக்காரன். பட்டறைக்குக் கொடுக்கவில்லை. கீறலைச் சுரண்டி, எப்பொக்சியும் ஃபைபர்கிளாஸ் துணியும் மூன்று படை போட்டு, வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். போல்ற்றுகளை இறுக்கினேன். வெளியே வெடிப்பை நிரப்பி உரஞ்சி மட்டமாக்கினேன். பிறகு பதினொரு வருடம் ஒரு துளி தண்ணீர் வரவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்தச் சிரிப்பு தலைமயிர் அளவில் எட்டிப் பார்க்கும். நான் நிரப்பிப் பெயின்ற் அடித்துவிடுவேன். 2023 ஏப்ரலிலும் அடித்தேன்.

திருத்தியாயிற்று, ஆகவே குறை இல்லை. குறை இல்லாததைக் குறைப் பட்டியலில் எழுத வேண்டியதில்லை. இதுதான் என் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனாலும் பட்டியலைக் கையில் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது என் தொண்டையில் கொஞ்சம் நின்றது.

விளம்பரம் போட்டதும் பல விதமான ஆட்கள் வந்தார்கள். ஒருவர் வாடகை வீட்டை விட்டுவிட்டுப் படகில் குடியிருக்கலாமா என்று கேட்டார். ஜனவரியில் இந்தப் படகுகள் தரையில் நிற்கும் என்று சொன்னதும் போய்விட்டார். ஒருவர் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இருபது பேரை ஏற்ற முடியுமா என்றார். நம்மவர் ஒருவர் வந்து, திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "அண்ணை, ஏழாயிரம் தாறன். எங்கட ஆளுக்குத்தானே குடுக்கிறியள்" என்றார். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு அந்த இளம் சோடி வந்தது. அவன் மின்சார வேலை செய்பவன். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. இருவருக்கும் முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மூன்று தடவை வந்தார்கள். மூன்றாம் தடவை அவள் உள்ளே படுக்கையில் போய்ப் படுத்து, மேலே திறப்பு வழியாக வானத்தைப் பார்த்தாள். அதோடு எனக்குத் தெரிந்துவிட்டது. 14,000க்கு ஒத்துக்கொண்டோம். ஆயிரத்து நானூறு முன்பணம். படகைச் சோதிக்க ஒரு சேர்வேயரை அவர்கள் கொண்டு வருவார்கள். அவருடைய அறிக்கை சரியென்றால், படகை இறக்கி ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட்டு மிச்சக் காசு. இங்கே இதுதான் நடைமுறை. பழைய படகென்றால் காப்புறுதிக்காரரும் அந்த அறிக்கையைக் கேட்பார்கள்.

சேர்வேயர் ஒரு சனிக்கிழமை வந்தார். அடிக்கு 25 டொலர், வாங்குகிறவர் கொடுப்பது. சின்னச் சுத்தியலால் மேல்தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் "டக்" என்று கேட்கும். ஊறின இடம் "தொப்" என்று கேட்கும். ஈரம் அளக்கும் கருவியையும் வைத்துப் பார்த்தார். நான் எழுதியிருந்த ஊறல் சரியாக அந்த இடத்திலேயே இருந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எஞ்சினைப் பார்த்தார். பாய்மரக் கம்பிகளைப் பார்த்தார். கீழே இறங்கிக் கீலைச் சுற்றி நடந்தார். புதுப் பெயின்றைக் கையால் தடவினார். உள்ளே நிலப்பலகையைத் தூக்கி, டோர்ச் அடித்து, போல்ற்றுகளைப் பார்த்தார். வெள்ளைப் பெயின்ற் பளிச்சென்று இருந்தது. பலகையை மூடிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அறிக்கை வந்தது. அந்தப் பையன் எனக்கும் ஒரு பிரதி அனுப்பினான். கீலும் போல்ற்றுகளும் திருப்தி என்று இருந்தது. அடியில், "இவ்வளவு நேர்மையான ஒரு சொந்தக்காரரிடம் வாங்குவது எங்கள் அதிர்ஷ்டம்" என்று அவன் எழுதியிருந்தான்.

அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை.

1958 என்று நினைக்கிறேன். எனக்குப் பத்து வயது. அப்பா தன் வத்தையை விற்றார். லொறி வந்துவிட்டது, சாமான் றோட்டால் போனது, வத்தைக்கு வேலை இல்லை. மன்னாரிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். கரையில் ஏற்றி வைத்திருந்த வத்தையைச் சுற்றிப் பார்த்து விலையும் பேசி முடித்துவிட்டார். கை கொடுக்கும் நேரத்தில் அப்பா, "கொஞ்சம் வாங்கோ" என்று அவரை வத்தைக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, ஏராவுக்குப் பக்கத்துப் பலகை ஒன்றில் வைத்து அமத்தினார். கத்தி பாணுக்குள் இறங்குவதுபோல இறங்கியது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் முகம் மாறியது. முந்நூறு ரூபா குறைத்துக்கொண்டார்.

முந்நூறு ரூபா அந்த நாளில் சின்னக் காசில்லை. அக்காவின் கலியாணத்துக்கென்று அம்மா அந்தக் காசை ஏற்கனவே மனதுக்குள் செலவழித்து முடித்திருந்தா. இரவு சாப்பாடு போடும்போது அம்மா கேட்டா: "அந்த மனிசன் கேக்கேல்லைத்தானே? பிறகேன் காட்டினனீங்கள்?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவர் கேக்காட்டித் தண்ணி கேக்கும்" என்றார். அவ்வளவுதான். அம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அக்காவின் கலியாணம் ஒரு வருடம் பிந்தியது. அப்பா செய்தது மடத்தனம் என்றுதான் நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடியப்புறம் மூன்று மணிக்குக் குசினியில் உட்கார்ந்திருந்தேன். மனைவி எழும்பி வந்தா. கதை முழுவதும் சொன்னேன். பாறையில் அடித்தது அவவுக்குத் தெரியும்; கேத்தில் பறந்தது அவவின் தலைக்கு மேலால்தான். அறிக்கை வந்தது தெரியாது. கேட்டுவிட்டு, "எவ்வளவு குறையும்?" என்றா. "ரெண்டாயிரம் மூவாயிரம் குறையும். இல்லாட்டி அந்தப் பொடியன் வேண்டாமெண்டும் போகலாம்" என்றேன். அந்தக் காசில் எனக்குக் காது கேட்கும் கருவி வாங்குவதென்று இருந்தோம். கொஞ்ச நேரம் யோசித்தா. "சொல்லாட்டி உங்களுக்கு நித்திரை வராது. நீங்கள் இப்பிடி உலாவினா எனக்கும் வராது. விடியச் சொல்லிப்போட்டு வந்து படுங்கோ. காது இன்னும் ஒரு வருசம் பொறுக்கும், எனக்குக் கத்திப் பழக்கம்தானே" என்றா.

எட்டு மணிக்கு அவனைக் கூப்பிட்டேன். 2012, பாறை, கீறல், மூன்று படை ஃபைபர்கிளாஸ், வெள்ளைப் பெயின்ற், ஒவ்வொரு ஏப்ரலும் நிரப்பும் சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. "ஏன் இதைப் பட்டியலில் எழுதவில்லை?" என்று கேட்டான். "திருத்திவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்" என்றேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டான். அவன் குரலில் முந்தின நாள் இருந்த மரியாதை இல்லை. அது எனக்குச் சுட்டது. ஆனால் அது நியாயம்தான். அவன் முதலே தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை, முன்பணமும் சேர்வேயர் கூலியும் கொடுத்த பிறகுதான் நான் சொன்னேன். அப்பா கை கொடுக்க முன் காட்டினார். நான் கை கொடுத்த பிறகு சொன்னேன். அந்த வித்தியாசத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

நான்கு நாள் கழித்துப் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் என் வெள்ளைப் பெயின்றைச் சுரண்டிப் பார்த்தார். அளவு காட்டும் திருகியால் போல்ற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். என் ஃபைபர்கிளாஸ் வேலை கெட்டியாக இருந்தது. ஆனால் ஒரு போல்ற்றின் நட்டுக்கு அடியில் துருக்கறை. அது பூட்டாமல் சுழன்றது. பதினொரு வருடம் நான் "திருத்தியாயிற்று" என்று சொன்ன இடத்தில் ஒரு நட்டு சும்மா இருந்திருக்கிறது. எனக்கே தெரியாது. வாய் உலர்ந்துவிட்டது. அந்தப் படகில்தான் பேரப்பிள்ளைகளை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

திருத்த ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். விலை 11,500க்கு இறங்கியது. நான் மறுபேச்சுப் பேசவில்லை.

மே நடுப்பகுதியில் படகு இறங்கியது. ஓடிப் பார்க்கும் நாளில் தென்மேற்குக் காற்று நன்றாக இருந்தது. முதல் அரை மணித்தியாலம் நான் சுக்கான் பிடித்தேன். பிறகு அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். "இறுக்கிப் பிடிக்காதே பிள்ளை. அது எங்கே போக விரும்புகிறது என்று முதலில் கேள்" என்றேன். எஞ்சினைப் போட்டதும் பின்பக்கக் குழாயால் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்தால் எந்தத் திருகை எத்தனை சுற்றுத் திறப்பது. முன்பாய்க் கயிறு எந்தக் கோணத்தில் சிக்கும். அந்தக் கடைசியைச் சொல்லும்போது என் காலைக் காட்டி, 2022 ஓகஸ்ட் கதையையும் சொன்னேன். மனைவிக்கு நான் முழுதாகச் சொல்லாத கதை. இதை வாசிக்கும்போது அவவுக்கும் தெரிந்துவிடும்.

கரைக்கு வந்து, கழகத்தின் மர மேசையில் வைத்து விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். ஓர் ஆலோசனை: படகின் உரிமம் ட்ரான்ஸ்போர்ட் கனடாவில் உங்கள் பெயரில் இருக்கும். அதை மாற்ற வாங்குகிறவருக்கு இந்தப் பத்திரம் தேவை. உங்களுக்கும் ஒரு பிரதி வைத்திருங்கள். கையெழுத்தும் காசும் முடியும்வரை காப்புறுதியை நிறுத்தாதீர்கள். திறப்பையும், இருபத்துநான்கு வருடமாக நான் எழுதிய மூன்று கொப்பிகளையும் கொடுத்தேன். எப்போது எண்ணெய் மாற்றினேன், எந்தப் பம்ப் எப்போது பழுதானது என்று எல்லாம் அதில் இருந்தது. 2012 ஜூலைப் பக்கத்தில் மடித்துவிட்டுக் கொடுத்தேன்.

படகு வாங்கிய நாளும் விற்ற நாளும்தான் படகுக்காரனின் சந்தோஷமான நாட்கள் என்று மரீனாவில் ஒரு பகிடி உண்டு. எனக்கு அப்படி இருக்கவில்லை. ஒரு பையில் தெர்மோஸும் பழைய தொப்பியுமாக வீட்டுக்கு வந்து, பின்னேரம் நான்கு மணிக்குப் படுத்து, அடுத்த நாள் விடியத்தான் எழும்பினேன்.

ஜூன் மாதம் அவன் தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டான்: படகின் பெயரை மாற்றலாமா, மனம் நோகுமா? நொந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊர்க் கப்பல் அன்னபூரணியின் ஞாபகம் வந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரில் "புளோரன்ஸ் சி. ரொபின்சன்" என்று மாற்றினார். அந்தப் பெயரோடுதான் அது எங்கள் ஊர்க் கடலோடிகளுடன் அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரரில் போய் நின்றது. பெயர் போனாலும் கப்பல் போய்ச் சேர்ந்தது. "அது இனி உன்னுடைய படகு தம்பி, விரும்பினபடி வை" என்றேன். இப்போது அதற்கு வேறு பெயர். பின்னால் கட்டியிழுக்கும் சின்ன ரப்பர்த் தோணியில் மட்டும் "கச்சான்" என்று இன்னும் இருக்கிறது. அழிக்க நேரம் கிடைக்கவில்லையோ, வேண்டுமென்று விட்டார்களோ தெரியாது. நான் கேட்கவில்லை.

கோடையில் இரண்டு மூன்று தடவை அவன் கூப்பிடுவான். "கைகழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு வால்வு இருக்கிறதே, அது எதற்கு?" நான் கண்ணை மூடினால் அந்த வால்வு தெரியும். சொல்வேன். அவன் குரலில் அந்தப் பழைய மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்திருக்கிறது. முழுதாக வந்ததாக நான் நினைக்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். விற்க வேண்டியதை நீங்களே விற்றுவிடுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் அவர்கள் நல்ல விலைக்கும் விற்கக் கூடும். ஆனால் எந்த இடத்தில் பாறை அடித்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஆள் நாம் மட்டும்தான். சொல்ல வாயும் ஏணியில் ஏறக் காலும் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நான் கொஞ்சம் பிந்திச் சொன்னேன். நீங்கள் கை கொடுக்க முன் சொல்லுங்கள்.

காதுக் கருவி போன மாதம்தான் வாங்கினேன். மனைவி கத்துவதை இன்னும் நிறுத்தவில்லை.